இரண்டு முறை கை தூக்கிய ஞாயிறு

காலை 7.20. விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் நானும் என் மகள் ரூபியும் பேருந்து ஏறினோம். என் கணவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. எங்களை ஏற்றிவிட்டு அப்படியே கிளம்பிவிட்டார். போகும் இடம் திண்டிவனம், சுமார் நாற்பது கிலோமீட்டர். அங்கே ஒரு சிறிய சபையின் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறோம். இதைப் போய் ஒரு பயணமாக எழுதுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். எட்டு மாதமாக என்னால் எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளியிருக்கும் கோயிலுக்கே (சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்) போக முடியவில்லை. அதனால் எனக்கு இது பயணம்தான்.

பையில் தண்ணீர் பாட்டில், மாற்று உடை, பிஸ்கட், ஓவியப் புத்தகம், நான்கு கலர் பென்சில். கலர் பென்சில் கீழே விழுந்தால் சத்தம் வருமே என்று இரண்டு முறை வெளியே எடுத்து, மறுபடியும் உள்ளே வைத்தேன்.

நடத்துநர் வந்தார். எனக்கு மட்டும் சீட்டு, முப்பத்தைந்து ரூபாய். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சீட்டு இல்லை. அவர் கேட்பதற்குள் நானே சொன்னேன்: "பாப்பாவுக்கு அஞ்சு முடியறதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்குங்க. பார்க்கத்தான் பெருசா தெரிவா."

"நான் இன்னா ஆதார் கார்டா கேட்டேன்? ஒக்காரும்மா" என்று சொல்லிக்கொண்டே போனார். முன்சீட்டில் இருந்த அம்மாள் சிரித்தார். முண்டியம்பாக்கம் தாண்டும்வரை, அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

எட்டு மாதத்துக்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோயிலில் எல்லோரும் கண்மூடி மௌனமாக ஜெபிக்கும் நேரம். ரூபி நல்ல உரத்த குரலில், "அம்மா, இவங்கள்லாம் தூங்கிட்டாங்களா?" என்று கேட்டாள். முன்பெஞ்சிலிருந்து ஒருவர் திரும்பினார். "பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய போம்மா." நான் போனேன். வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வீட்டுக்கே போய்விட்டேன். அதற்கடுத்த ஒவ்வொரு ஞாயிறும் ரூபிக்குச் சளி, எனக்குத் தலைவலி, வீட்டில் துணி என்று ஏதாவது ஒரு காரணம் கிடைத்தது. இன்று எனக்கு ஒரே ஒரு ஆசைதான்: ஒரு ஆராதனையில் முதலிலிருந்து கடைசிவரை இருந்துவிட வேண்டும்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் தொலைபேசி அடித்தது. தன் சபைக்கு என்னை வரச்சொன்ன எஸ்தர். பி.எட். படிக்கும்போது என் பக்கத்து இருக்கைக்காரி. அவள் மாமியாருக்கு உடம்பு சரியில்லையாம், விடியற்காலையே செஞ்சிக்குப் போய்விட்டாளாம்.

"அப்ப நான் கூட்டேரிப்பட்டுல இறங்கித் திரும்பிடறேன்டி."

"ஏன்டி, நான் இல்லன்னா சாமி வராதா? போடி. மறக்காம ஒண்ணு கேட்டுக்க. புதுசா வந்தவங்கள கை தூக்கச் சொல்லுவாங்க. தூக்கிடு, பேர் ஊர் சொல்லு, எல்லாரும் பாட்டு பாடி வரவேற்பாங்க. அவ்ளோதான்."

கூட்டேரிப்பட்டு வந்தது. பையைத் தூக்கினேன், வைத்தேன். ரூபி என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாமே என்றுதான் இறங்கவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள்.

8.25. சென்னை போகும் பேருந்துகள் பல திண்டிவனம் ஊருக்குள் போவதில்லை. மேம்பாலத்தருகே இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். மரக்காணம் சாலையில் நீலக் கேட் போட்ட சபை என்றேன்.

"அந்த ரோட்ல நாலு சர்ச்சு கீதும்மா. மோளம் அடிக்கிறதா, அடிக்காததா?"

"அடிக்கிறதுதான்னு நினைக்கிறேன்."

"அப்ப ஷீட்டு போட்ட சர்ச்சு. ஏறு, ஜல்தியா போயிடலாம். லேட்டா போனா எடம் கெடைக்காம பேஜாரு."

8.45. நீலக் கேட்டுக்குள் வரிசையாகச் செருப்புகள். புதிதாகப் போகிறவர்களுக்கு முதல் தகவல்: செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே பெஞ்சு கிடையாது. தரை முழுக்கப் பாய். வாசலிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். கீழே உட்கார முடியாதவர்களுக்குக் கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலி. பெண்கள் முந்தானையால் தலையை மூடிக்கொள்கிறார்கள். சுடிதார் என்றால் துப்பட்டா. பாட்டுப் புத்தகம் வேண்டாம், வரிகள் சுவரில் ஓடுகின்றன. காணிக்கைப் பை வரும். போடாமல் அடுத்தவரிடம் கொடுத்தாலும் யாரும் பார்ப்பதில்லை.

வாசலில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் "ஸ்தோத்திரம்" என்று கைகூப்பினார். நான் "வணக்கம்" என்றேன். தப்போ என்று நினைப்பதற்குள், "வணக்கமும் நல்லதுதான் கண்ணு, உள்ள வா" என்றார். அவர் பெயர் மேரி. எல்லோருக்கும் மேரியக்கா. நான் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவர் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

9.00. மேளம் தொடங்கியது. ரூபி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். மூன்றாவது பாட்டில் ஒரு காதைத் திறந்தாள். ஐந்தாவது பாட்டில் கை தட்டினாள். எங்கள் கோயிலில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இங்கே மூன்று மணி நேரம் என்று எஸ்தர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வந்திருக்கவே மாட்டேன். அது அவளுக்கும் தெரியும்.

10.15 இருக்கும். ரூபி பிஸ்கட் பொட்டலத்தைக் கவிழ்த்துவிட்டாள். பாய் முழுக்கத் தூள். நான் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, பாஸ்டர் ஒலிபெருக்கியில் ஏதோ சொல்லி, "...உள்ளவங்க கை தூக்குங்க" என்று முடித்தது காதில் விழுந்தது. எஸ்தர் சொன்னது இதுதான். சட்டென்று கையைத் தூக்கினேன்.

மைக் என் கைக்கு வந்தது. எழுந்து பெயரையும் விழுப்புரம் என்பதையும் சொல்லிவிட்டுப் பாட்டுக்காகக் காத்திருந்தேன். பாட்டு வரவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"சொல்லும்மா, ஒங்க சாட்சியச் சொல்லுங்க" என்றார் பாஸ்டர்.

சாட்சி என்றால் எனக்குத் தெரிந்தது கோர்ட்டு மட்டும்தான். மேரியக்கா என் முந்தானையை இழுத்தார். "ஆண்டவர் ஒனக்கு இன்னா நன்ம செஞ்சாருன்னு சொல்லணும் கண்ணு. புதுசா வந்தவங்கள இன்னும் கூப்புடல."

உட்கார்ந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வாய் வேறு மாதிரி பேசியது. "எட்டு மாசமா நான் கோயிலுக்குப் போகலைங்க. பிள்ள சத்தம் போட்டா வெளிய போகச் சொல்லிடுவாங்கன்னு பயம். இன்னிக்குப் பஸ் ஏறி வந்துட்டேன். ஒண்ணே கால் மணி நேரம் ஆகுது. இதுவரைக்கும் வெளிய போகல. அவ்ளோதாங்க என் சாட்சி."

யாரோ "அல்லேலூயா" என்றார்கள். அதற்குள் ரூபி எம்பி, மைக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஷீட்டுக் கூரை அதிரும்படி, "அம்மா, ஒண்ணுக்கு வருது!"

சபை முழுக்கச் சிரித்தது. என் காது இரண்டும் சூடாகிவிட்டன. "பாப்பா உண்மையான சாட்சி சொல்லிடுச்சு" என்றார் பாஸ்டர். "போயிட்டு வாங்கம்மா. நாங்க எங்கயும் போயிடல, இங்கதான் இருப்போம்."

கழிப்பறை, சபைக் கட்டிடத்துக்குப் பின்னால் சுத்தமாக இருந்தது. ரூபியின் கையைக் கழுவிவிட்டு முன்பக்கம் வந்தேன். பை என் தோளில் இருந்தது. எங்கே போனாலும் பையோடு போவது என் வழக்கம். செருப்பைப் போட்டிருந்தேன். கேட் திறந்திருந்தது. வெளியே ஒரு ஆட்டோ காலியாக நின்றது. போய்விட்டால் இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. மறுபடியும் அந்தக் கதவுக்குள் நுழைந்தால் அத்தனை தலையும் திரும்பும்.

அப்போதுதான் பாஸ்டர் சொன்னது உறைத்தது. நம் வீடுகளில் கிளம்புகிற யாரையும் "போ" என்று சொல்லமாட்டோம். "போயிட்டு வா" என்போம். கடைக்குப் போகிறவருக்கும் அதுதான், வெளிநாடு போகிறவருக்கும் அதுதான். எங்கள் கோயிலில் அன்று எனக்குக் கிடைத்தது பாதி வார்த்தை. மீதிப் பாதியை யாரும் சொல்லாததால், எட்டு மாதமாக நான் திரும்பி வரவே இல்லை.

செருப்பைக் கழற்றினேன்.

உள்ளே எங்கள் இடத்தில் மேரியக்கா தன் வேதாகமப் பையை வைத்திருந்தார். "ஒருத்தி ரெண்டு தடவ ஒக்கார வந்தா. ஆள் வருதுன்னு சொல்லிக்கினே இருந்தேன்" என்று கிசுகிசுத்தார். தலைகள் திரும்பத்தான் செய்தன. அத்தனையும் சிரித்தன.

11.40. பிரசங்கம் முடிந்தது. "இன்னிக்கு மொத மொறையா வந்தவங்க கை தூக்குங்க" என்ற பாஸ்டர், எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்தார். "இப்ப கரெக்ட்டும்மா. இப்பத் தூக்கலாம்." நான் தூக்கினேன். ரூபி இரண்டு கையையும் தூக்கினாள். வரவேற்புப் பாட்டு பாடினார்கள். அவள் எழுந்து நின்று, தனக்கே கச்சேரி நடப்பதுபோல் கேட்டாள்.

12.05. ஆராதனை முடிந்தது. நாங்கள் உள்ளே இருந்தோம்.

முற்றத்தில் டீயும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேகவைத்த வேர்க்கடலையும் கொடுத்தார்கள். மேரியக்கா ரூபியின் இரண்டு பாக்கெட்டிலும் மல்லாட்டை திணித்து, "போயிட்டு வா, சாட்சிக்காரி" என்றார்.

1.10. திரும்பும் பேருந்தில் வேறு நடத்துநர். நான் வாயைத் திறப்பதற்குள் ரூபியே, "எனக்கு நாலு வயசு" என்றாள். அவர் எனக்கு மட்டும் சீட்டைக் கிழித்தார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் திண்டிவனத்துக்குப் போகவில்லை. நான்கு தெரு நடந்து எங்கள் கோயிலுக்கே போனோம். பெஞ்சு, மௌனம், அதே முன்வரிசை, எல்லாம் அப்படியே இருந்தன. ஜெப நேரத்தில் ரூபி சத்தமாக ஏதோ கேட்டாள். ஒருவர் திரும்பினார். "போயிட்டு வந்துடறோங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். வேப்பமரத்தடியில் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு இருவரும் உள்ளே வந்து, அதே பெஞ்சில், அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தோம்.