லெயோனில் கழற்றிய சப்பாத்து

போன வெள்ளிக்கிழமை லண்டன் விம்பிள்டன் கோயிலில் சப்பாத்தைக் கழற்றி அடுக்கில் வைத்துக்கொண்டிருந்தேன். சட்டனிலிருந்து வரும் ஒரு தம்பி (வயது ஐம்பதைத் தாண்டியவர், ஆனாலும் எனக்குத் தம்பிதான்) ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"அண்ணை, ஸ்பெயினில வெறுங்காலோட நடந்தனீங்களாமே? நேர்த்திக்கடனாம்! படமும் பாத்தனான். நினைக்கவே மெய் சிலிர்க்குது."

பக்கத்தில் நின்ற என் மனைவிக்கு உடனே இருமல் வந்தது. அவளுக்கு இருமல் வியாதி எதுவும் கிடையாது.

கதை சட்டன் வரை போய்விட்டது. அங்கிருந்து ஸ்ட்ரெதம் பக்கமும் பரவுவதற்குள் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நினைவிருக்கிறதா? கோடையில் இதே பத்தியில் மார்தட்டியிருந்தேன் — ஸ்பெயினின் குறுக்கே யாத்திரை நடந்து, அது முடிகிற சந்தியாகோ தேவாலயத்தில் கால் வைக்காமல் லண்டன் திரும்பமாட்டேன் என்று. எழுதும்போது கால் வலிக்கவில்லை.

உண்மையில் ஆசை மனைவியுடையது. இரண்டு வருடத்துக்கு முன் பெரிய ஒப்பரேஷன் முடிந்து படுத்திருந்தபோது, வார்ட் டீவியில் இந்த யாத்திரைப் பாதையைக் காட்டினார்கள். "எழும்பி நடந்தனெண்டால் இதைத்தான் நடப்பன்" என்றாள். அந்த நேரத்தில் நிலாவுக்குப் போவோம் என்றிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

எழும்பினாள். நடந்தாள். பிரச்சினை என்னவென்றால்... என்னைவிட வேகமாக நடந்தாள்.

லெயோன் நகரத்துக்கு வந்தபோது என் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். இன்னும் முந்நூறு கிலோமீட்டர் பாக்கி. யாத்திரிகர் விடுதிகளில் பொதுவாக ஓர் இரவுதான் தங்கலாம். என் காலைப் பார்த்த பொறுப்பாளர் அம்மா, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு இன்னொரு நாள் தந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஓய்வு நாள்.

ஓய்வு நாளில் யாத்திரிகர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? நடப்பார்கள்! ஊர் பார்க்கிறார்களாம். மனைவியும் தொப்பியை மாட்டிக்கொண்டு சந்தை பார்க்கப் புறப்பட்டாள். நான் விடுதியை ஒட்டியிருந்த சின்னத் தேவாலயம் வரை நொண்டிக்கொண்டு போனேன்.

வாசல்படியில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். கும்பிடப் போகிற இடம் என்றால் கழற்றத்தானே வேண்டும்? ஐம்பது வருடப் பழக்கம்... கை மூளையைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

உள்ளே என் கண்ணுக்கு எட்டியவரை யாருமில்லை. முன் வரிசை மர வாங்கில் உட்கார்ந்து, பிள்ளையாரைக் கூப்பிட்டேன். இன்னொருவர் வீட்டில் இருந்துகொண்டுதான். வாய்விட்டே கூப்பிட்டேன். லெயோனில் யாருக்குத் தமிழ் விளங்கப் போகிறது?

"பிள்ளையாரே, இனி என்னால ஏலாது. நான் நிண்டால் அவவும் நிண்டுடுவா. வாசிக்கிற சனமும் சிரிக்கும். என்ர மானம் போகாமல் இந்த நடையை நிப்பாட்ட ஒரு வழி காட்டு."

பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தேன். சப்பாத்தைக் காணோம்!

லண்டனில் எந்தக் கவுன்சில் அலுவலகத்திலும் இவ்வளவு விரைவாக எனக்குக் காரியம் நடந்ததில்லை. களவு போய்விட்டது, என்ன செய்வது, திரும்பிவிட்டோம்... பத்திக்குத் தலைப்புக்கூட யோசித்துவிட்டேன். மனைவி வந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பிடியே?" என்றாள். அவ்வளவுதான்.

மாலையில் விடுதியில் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். எங்களோடு கொரியா நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர்; எங்களைப் போலவே இன்னொரு நாள் கேட்டு வாங்கியவர். மூன்று நாட்களாகச் சப்பாத்தின் அடிப்பாகம் பிளந்து, டேப் சுற்றி நடந்துகொண்டிருந்த மனிதர். அவர் எழுந்து ஆங்கிலத்தில் பேசினார்.

"காலையில் தேவாலயத்துக்குப் போனேன், ஒரு சப்பாத்துக் கேட்டுக் கும்பிட. வாசல்படியிலேயே இருந்தது! அடுத்து வருபவருக்காக யாரோ விட்டுப் போயிருக்கிறார்கள், எடுத்துக்கொள் என்றார் பொறுப்பாளர் அம்மா. என் அளவேதான்."

காலைத் தூக்கிக் காட்டினார். மனைவி எனக்கு விம்பிள்டனில் வாங்கித் தந்த சிவப்பு நாடா. மனிதரின் கண் கலங்கியிருந்தது.

'என்னுடையது' என்று சொல்லியிருக்கலாம். சப்பாத்து திரும்பி வரும்... முந்நூறு கிலோமீட்டரும் கூடவே வரும். மற்ற எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினேன்.

அப்போதுதான் என் மனைவி எழுந்தாள். "அதை விட்டது என் கணவர்தான்" என்றாள், அழகான ஆங்கிலத்தில். "எங்கள் ஆட்களிடம் நேர்த்தி என்று ஒன்று உண்டு, சாமிக்குக் கொடுக்கும் வாக்கு. மிச்சத் தூரத்தை இவர் வெறுங்காலோடு நடக்கப் போகிறார்."

கொரியர் என் பக்கம் திரும்பி இடுப்பு வரை வளைந்து வணங்கினார். பொறுப்பாளர் அம்மா என் கன்னத்தில் முத்தமிட்டார். யாரோ என் பாதங்களைப் படம் எடுத்தார்கள். சட்டன் தம்பி பார்த்தது அந்தப் படத்தைத்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எல்லோரும் வாசலில் நின்று கையசைத்தார்கள். கடை திறப்பது பத்து மணிக்கு. நான் சிரித்துக்கொண்டே நடந்தேன். லெயோனின் ஒவ்வொரு கல்லும் என் குதிகாலைத் தனித்தனியாக விசாரித்தது.

தெரு திரும்பியதும் மனைவி பையை இறக்கி, என் குளியலறைச் செருப்பை எடுத்துப் போட்டாள்.

"இந்தாங்கோ, போடுங்கோ. அடுத்த ஊரில சப்பாத்து வாங்குவம்."

"உமக்கு எல்லாம் தெரியுமே?"

"சந்தைக்குப் போக முதல், உங்கட கால் சுகமாக வேணுமெண்டு கும்பிட வந்தனான். கடைசி வாங்கில இருந்தனான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. எழும்பி நடந்தவளை நிறுத்தி வைக்கப் பார்த்திருக்கிறேன், அதுவும் சாமியைத் துணைக்குக் கூப்பிட்டு! அவள் பையைத் திரும்பத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "இனிக் கும்பிடேக்க மனசுக்குள்ள கும்பிடுங்கோ."

மூன்று வாரத்தில் சந்தியாகோ போய்ச் சேர்ந்தோம். தேவாலய வாசலில் என் கை வழக்கம்போல் புதுச் சப்பாத்தைக் கழற்றி வைத்தது.

அவள் அதைக் கையில் தூக்கிக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.