அவள் ஊதிக் காயவைத்த கை

என் இடது கையின் உட்பக்கத்தில், முழங்கை மடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, தோல் கொஞ்சம் நிறம் மாறியிருக்கும். யாராவது கேட்டால் ஓட்டோ எஞ்சினில் சுட்டது என்று சொல்வேன். உண்மையில் அது என் மனைவி கிறீம் பூசிப் பார்த்த இடம்.

லிங்கநகரில் எங்கள் வீட்டு முன்னறையில் அவள் அழகுக்கலை நிலையம் நடத்துகிறாள். மணப்பெண் அலங்காரம், தலைக்குச் சாயம், முகத்துக்குப் பூச்சு எல்லாம் செய்வாள். நான் ஓட்டோ ஓடுகிறேன். புதிதாக எந்தப் பொருள் வாங்கினாலும், வந்தவர்களின் முகத்தில் வைக்க முதல் என் கையில் ஒரு பொட்டளவு பூசுவாள். பிறகு குனிந்து, ஊதிக் காயவைத்து, "நாளை வரைக்கும் தண்ணி படாமப் பாருங்கோ" என்பாள். அடுத்த நாள் என் கையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். சிவந்திருந்தால் அந்தப் பொருள் குப்பைக்குப் போகும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அவளுடைய தொழிலில் இருந்த ஒரே பங்கு அதுதான். அவள் என்னை அவ்வளவு கவனமாகப் பார்ப்பதும் அப்போதுதான்.

லேபல் இல்லாத வெளுக்கும் கிறீம்கள் கடைத்தெருவில் வரத் தொடங்கிய பிறகு அவளுக்கு நிம்மதி போய்விட்டது. பூசிய கொஞ்ச நாளில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு கன்னத்தில் கருந்திட்டுகளோடு பெண்பிள்ளைகள் இவளிடம் வந்து அழுவார்கள். கடைசியில் நகரத்தில் இந்தத் தொழில் செய்கிற பெண்களும், சலூன் வைத்திருக்கிற ஆண்கள் சிலரும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். எல்லாக் கடையும் பதிவு செய்யப்பட வேண்டும், தொழில் பழகாதவர்கள் ஆளின் முகத்தில் கை வைக்கக்கூடாது, லேபல் இல்லாத கிறீம் விற்கக்கூடாது என்று அதிகாரிகளிடம் கேட்பது நோக்கம். அதில் எனக்கும் முழுச் சம்மதம். சங்கத்துக்குச் செயலாளராக வந்தவரில்தான் சம்மதமில்லை.

என்னைவிட வயதில் குறைந்தவர். டவுனில் ஆண்களுக்கான சலூன் வைத்திருக்கிறார். மூன்று மொழியும் பேசுவார். எனக்கு ஓட்டோவில் வந்தவர்களிடம் காசு கேட்கவே கூச்சம். அவரோ அதிகாரிகளுடன் கூடப்படித்தவர் போலக் கதைப்பார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் மனைவி பூப்போட்ட கோப்பையில் தேநீர் கொடுப்பாள். அந்தக் கோப்பை அலுமாரியை விட்டு வெளியே வந்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அக்கா, நீங்கள் கதைச்சா அதிகாரிமார் மறுக்க மாட்டினம்" என்றார் ஒரு நாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எல்லாம் அண்ணையின்ர கையிலதான் பூசிப் பாக்கிறதாமே. அப்ப அண்ணைதான் எங்கட ஆய்வுகூடம்" என்றார்.

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்களுக்குள் இருந்த விஷயத்தை இவள் ஏன் அவரிடம் சொன்னாள் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஓர்ஸ் ஹில்லில் ஒரு அலுவலகத்தில் அதிகாரிகளோடு கூட்டம் வைத்தார்கள். நான்தான் அவளைக் கொண்டுபோய் இறக்கினேன். மூதூரிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். நான் உள்ளே போகாமல் யன்னலுக்கு வெளியே ஓட்டோவை நிறுத்திக்கொண்டு நின்றேன். யன்னல் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. என் மனைவி எழும்பிக் கதைத்தாள். வீட்டில் மீன்காரரோடு கதைக்கிற குரல் இல்லை அது. இந்தப் பேச்சை அவள் யாருக்கு முன்னால் சொல்லிப் பழகியிருப்பாள் என்ற நினைப்புத்தான் எனக்கு முதலில் வந்தது.

ஒரு அதிகாரி, "பூசிப் பாக்கிறதெண்டால் எப்பிடி? ஒருக்காச் செய்து காட்டுங்கோ" என்றார்.

"என்ர அவர் வெளியில நிக்கிறார். கூப்பிடட்டோ?" என்று இவள் யன்னல் பக்கம் பார்த்தாள்.

அத்தனை பேருக்கு முன்னால் சேர்ட்டுக் கையை மடித்துக்கொண்டு நிற்பதா? நான் குனிந்து ஓட்டோவின் பின்பக்கம் போய் ஏதோ தேடுவது போல நின்றேன். நிமிர்ந்து பார்த்தபோது செயலாளர் தன் கையை நீட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கை, வெயில் படாதது. மனைவி பொட்டளவு கிறீமை வைத்தாள். குனிந்தாள். ஊதினாள்.

கூட்டத்துக்கு ஒரு தோல் டொக்டர் அம்மாவும் வந்திருந்தார். அவர் சொன்னார்: "நல்ல பழக்கம்தான். ஆனா கைதான் பிழை. ஒராளுக்கு ஒத்துவாறது மற்றாளுக்கு ஒத்துவராது. யாருக்குப் பூசப்போறீங்களோ அவவின்ர கையில பூசுங்கோ. ரெண்டு நாள் பொறுங்கோ."

மனைவி கிறீமை மூடி வைத்தாள். முன்பு சல்லிக் கிராமத்திலிருந்து வந்த மணப்பெண் ஒருத்திக்குத் தலைச்சாயத்தால் கண்மடல் வீங்கியது அவளுக்கு நினைவு வந்திருக்கும். அந்தச் சாயம் என் கையில் ஒரு சொறிகூடத் தரவில்லை. பிறகு அவள் சொன்னாள்: "அப்ப அதையும் எங்கட கோரிக்கையில சேர்க்கிறம்."

செயலாளரின் கை பயனில்லாமல் போனதில் எனக்குச் சந்தோஷம். ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் என் கையும் அதோடு போய்விட்டது என்று விளங்கியது.

வழியில் அவளே கேட்டாள். "என்னப்பா, முகத்தை நீட்டிக்கொண்டு வாறீங்கள்?"

"ஊதினீர்."

"என்ன?"

"அந்தாளின்ர கையில ஊதினீர்."

"ஐயோ, காயவேணுமெண்டு ஊதினது. உங்களைக் கூப்பிட்டனான்தானே, எங்க ஒளிச்சனீங்கள்?"

"ஒளிக்கேல்ல. ஸ்பானர் தேடினனான்."

வீடு வரும்வரை பின்னால் இருந்து சிரித்துக்கொண்டே வந்தாள்.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. லேபல் இல்லாத கிறீம் இன்னும் களவாக விற்கிறார்கள். ஆனால் எங்கள் பகுதியில் கடைகளைப் பதிந்தார்கள். பூசுவதற்கு இரண்டு நாள் முன்னதாக, வந்தவரின் கையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு கடையிலும் அறிவித்தல் தொங்குகிறது. இப்போது மணப்பெண்கள் முன்கூட்டியே வந்து கதிரையில் உட்கார்ந்து கையை நீட்டுகிறார்கள். மனைவி பூசி, குனிந்து ஊதுகிறாள். அதன் பிறகு ஒருத்திக்கும் கண்மடல் வீங்கவில்லை. அது நல்லது என்று எனக்குத் தெரியும். ஆளில் பொறாமை வந்தால் ஆளைத் திட்டலாம். சுவரில் தொங்குகிற அறிவித்தலை என்ன செய்வது? என் கையில் நிறம் மாறிய இடமும் மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. குளிக்கும்போது அதைப் பார்ப்பேன்.

போன கிழமை, பின்னேரம், கடையில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து உள்ளே போனேன்.

"நீர் எனக்கும் தலைக்குச் சாயம் பூசிவிடும்" என்றேன்.

"நரைச்சா நரைச்சதுதான் எண்டு சொன்னனீங்கள்?"

"இப்ப வேணும்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப ரெண்டு நாளைக்கு முதல் வரவேணும். அங்க எழுதிக் கிடக்கு, வாசிக்கேல்லையோ?"

"அதுக்குத்தான் வந்தனான்."

அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "சரி, இருங்கோ. கையை நீட்டுங்கோ."

மணப்பெண்கள் இருக்கிற கதிரையில் இருந்தேன். பழைய இடத்திலேயே பூசினாள். குனியப் போகும்போது அவளுடைய போன் அடித்தது.

"ஓம், சொல்லுங்கோ தம்பி" என்றாள். செயலாளர். அடுத்த கூட்டத்தைப் பற்றி ஏதோ. கதைத்தபடியே வாசல் படலை வரைக்கும் போய்விட்டாள்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. விட்டால் அந்தக் காற்றிலேயே சாயம் காய்ந்துவிடும். நான் எழும்பி விசிறியை நிறுத்திவிட்டு வந்து, கையை நீட்டியபடி இருந்தேன்.