சுவர் கண்டுகொள்ளாத அக்கா

கண்காட்சிக் கூடத்துக்கு வருகிறவர்களின் செருப்பை வாங்கி வைப்பது என் வேலை. உள்ளே இருப்பது ஒரே ஒரு நீளச் சுவர். அதன் முன்னால் ஒரு நிமிடம் அசையாமல் நின்றால், மேலே இருக்கும் கேமரா நம் உருவத்தைப் பிடித்து நிழலாக்கி வைத்துக்கொள்ளும். அப்புறம் யாராவது சுவரோரம் நடந்தால் பழைய நிழல்கள் அதது இஷ்டத்துக்கு எழுந்து வரும். முப்பது நாள் யாருமே பக்கத்தில் போய் நிற்காத நிழல் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து அழிந்துவிடும். இதைக் கலை என்கிறார்கள். என் வாயைக் கிளறாதீர்கள்.

சுவரைப் பார்த்துக்கொள்பவர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊழியர்கள் எல்லோரும் கையில் சாம்பல் நிறப் பட்டை கட்டியிருப்போம். பட்டை கட்டியவர்களைக் கேமரா கண்டுகொள்ளாது. இல்லையென்றால் சுவர் முழுக்க எங்கள் நிழல்தான் நிரம்பி வழியும்.

ஊழியர் குடும்பங்களுக்கென்று விட்ட நாளில் அக்காவின் வீட்டுக்காரர் வந்திருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அக்காவின் தோளில் கை போட்டு ஜம்மென்று நின்றார். பட்டையைக் கழற்ற அக்காவுக்குத் தோன்றவேயில்லை. சுவரில் அவர் மட்டும்தான் விழுந்தார், வெறும் காற்றின்மேல் கை போட்டுக்கொண்டு. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடுத்த தடவ அதக் கழட்டிட்டு நில்லு. இல்லன்னா பைத்தியம்னு நெனச்சுக்குவாங்க என்னை."

அடுத்த தடவை என்று ஒன்று இல்லை. அந்த வருடமே மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகளும் இல்லை. லீவு நாளில்கூட அக்கா வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் என்ன இருக்கிறது என்பார்.

அந்த நிழல் எழும்போதெல்லாம் பக்கத்தில் யாரையாவது நிறுத்திவிடுவார். இங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்று ஏதாவது சாக்குச் சொல்வார். கல்லூரிப் பெண்கள், பூட்ஸைக் கழற்ற மாட்டேன் என்று என்னோடு மல்லுக்கு நின்ற போலீஸ்காரர் என்று ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் அந்தக் கைக்குக் கீழே நின்றுவிட்டுப் போனார்கள். மூன்று வருடம் அவரை இப்படித்தான் காப்பாற்றினார். ஆனால் ஒவ்வொரு முறையும் அக்காவின் முகம் சுண்டிப்போகும்.

போன வருடம் வாசல் சாலையைத் தோண்டிப் போட்டார்கள். கூடத்துக்கு ஈ காக்கைகூட வரவில்லை. நானும் அக்காவும் சுவரும் மட்டும்தான். வீட்டுக்காரரின் நிழல் வெளுக்க ஆரம்பித்தது. இருபத்தொன்பதாம் நாள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் கை தெரிந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் பட்டையக் கழட்டிட்டு நிக்கட்டுமாக்கா?" என்றேன்.

"உன் தோள்ல அவரு கை போட மாட்டாரு," என்று சிரித்தவர், சட்டென்று அழுதார். மூன்று வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

பட்டை கழன்றால் ஆபீசில் தெரிந்துவிடும், வேலைக்கே உலை வைக்கும். அது தெரிந்தும் கழற்றி என் கையில் கொடுத்தார். போய் அந்தக் கைக்குக் கீழே நின்று தலையைச் சாய்த்துக்கொண்டார். ஒரு நிமிடம். வெளுத்திருந்த நிழல் மளமளவென்று கறுத்தது. நான் செருப்பில்லாத செருப்பு அடுக்கைத் துடைக்கப் போய்விட்டேன்.

மேனேஜர் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். இன்னொரு முறை நடந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

ஆனால் கேமரா நிழலைப் பிடிக்காது, ஆளைத்தான் பிடிக்கும். அன்று அது அக்காவை மட்டும்தான் பிடித்தது. இப்போது சுவரில் இருவருக்கும் தனித்தனி நிழல்கள். காற்றில் கை போட்டபடி அவர் ஒரு நேரம் வருகிறார். காற்றில் சாய்ந்தபடி அக்கா வேறொரு நேரம் வருகிறார். நான் தினமும் எட்டிப் பார்க்கிறேன். இதுவரை ஒரு தடவைகூட இருவரும் சேர்ந்து வரவில்லை.

சாலை சரியாகிக் கூட்டமும் வந்துவிட்டது. நேற்று புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று அக்காவின் நிழலைப் பார்த்து நின்றது. அந்த நிழலுக்கு உரியவர் பக்கத்திலேயே நிற்கிறார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"இவங்க யாரு மேல சாஞ்சிருக்காங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அக்கா கைப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"வருவாரு. கொஞ்சம் இருந்து பாருங்க."

அவர்கள் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, என்னிடம் செருப்பை வாங்கிக்கொண்டு போனார்கள்.