ஓரத்துப் பல்

குற்றாலத்தில் சீசன் வந்தால் எல்லோரும் எண்ணெயும் துண்டுமாக வருவார்கள். விலங்கியல் பேராசிரியர் ஒருவரோ ஒரு பெட்டி நிறையப் புட்டிகளோடு வந்து இறங்கினார். தென்துருவக் கடலில் பிடித்த, ஓடில்லாத நத்தைகள் அவற்றில் ஸ்பிரிட்டில் மிதந்தன. அவற்றில் எது புது இனம் என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. படம் வரைவதற்கு, தென்காசிப் பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்த என்னைக் கூப்பிட்டிருந்தார்.

வழுக்கைத் தலை, குலுங்கும் தொந்தி. ஒவ்வொரு நத்தையையும் வெளியே எடுக்கும்போது, விருந்தாளியை அழைப்பது போல, "வாங்க, வாங்க" என்பார்.

அவர் புது இனமென்று முடிவுகட்டிப் பேரும் வைத்துவிட்ட ஒன்றின் நாக்கை, மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைந்தேன். நாக்கு முழுக்கப் பற்கள்.

"ஓரத்துல ஒரு பல்லு கூடுதலா வரைஞ்சிருக்கியளே டீச்சர். அது கெடையாதுல்லா?"

"இருக்கு சார். மடங்கிக் கெடக்கு, நல்லாப் பாருங்க."

குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. அந்தப் பல் இருந்தால், அது வேறொருவர் ஏற்கெனவே பேர் வைத்த இனம். அவருடைய ஒரு மாத உழைப்பு வீண். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாமே என்று நினைத்தபடி பென்சிலைக் கீழே வைத்தேன்.

நிமிர்ந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அச்சுல ஏறியிருந்தா எம்புட்டுப் பெரிய பொய்யி! ஒங்களால தப்பிச்சேன் டீச்சர்."

எழுதிய தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, சாரலில் நனைந்து பாடிக்கொண்டே ஐந்தருவிக்குக் குளிக்கப் போனார்.

என் படத்தில் ஒரு கோடு தப்பென்று யாராவது சொன்னால், இரண்டு நாள் அவர்களோடு பேசமாட்டேன் நான். அந்த மனிதருக்கு எப்படிப் பாட்டு வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.