கூடுதலாக நான்கு பாட்டு

என் தாய்மாமன் கட்டிய கானாப் பாட்டுகள் மொத்தம் ஏழு. மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை வேலை முடிந்து வந்ததும் அவர் பாடுவார். நான் நோட்டில் எழுதுவேன். அவருக்கு எழுத வராது. ஒவ்வொரு பாட்டின் கடைசி அடியிலும் ‘மண்ணூர்பேட்டையான்’ என்று வரும். கட்டியவன் பேர் அங்கேதான் நிற்க வேண்டும் என்பது கானாக்காரர்கள் வழக்கம். எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பாத புத்தி எனக்கு அப்போதே உண்டு. இன்றும் மாத்திரைகளைக் கடைக்காரர் எதிரிலேயே எண்ணித்தான் வாங்குகிறேன்.

எண்பதுகளின் நடுவில் மஞ்சள் காமாலையில் மாமா போனார். கல்யாணம் ஆகாதவர். பதினாறாம் நாள் காரியத்தன்று அவருடைய அண்ணன், அதாவது பெரிய மாமா, “ஏயு பாட்டு கட்னவனுக்கு மைக்செட் ஒரு கேடா?” என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தன் தம்பியை நாலு பேர் பாட்டுக்காரன் என்று சொல்லிவிட்டால் போதும் அவளுக்கு.

பிற்பகலில் சென்னீர்குப்பத்திலிருந்து டோலக் பாய் வந்தார். மாமா பாடிய சாவு வீடுகளில் எல்லாம் கூடவே வாசித்தவர். பந்தலில் உட்கார்ந்து பாடத் தொடங்கினார். நான் விரல் மடக்கினேன். ஏழு முடிந்தது. எட்டாவது வந்தது. அதன் முடிவிலும் மண்ணூர்பேட்டையான். ஒன்பது, பத்து. பதினொன்றாவது, செத்துப்போன மகள் வாய்ப்பாட்டைப் பாதியில் விட்டுப்போன சிலேட்டை அழிக்க மனம் வராத ஒரு தகப்பனின் பாட்டு. பெண்கள் அழுதார்கள். பெரிய மாமாகூடத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் எழுந்து நின்றேன். “மாமா பாட்டு ஏயுதான், நோட்டு எங்கிட்ட கீது. மாமாவுக்கு ஏது பொண்ணு? யார் பாட்டையோ சுட்டுகினு வந்து மாமா பேரைப் போட்டுக்கீறீங்க.”

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பெரிய மாமா துண்டை இறக்கினார். “இன்னா பாய், பையன் சொல்றது நெசமா?”

பாய் டோலக்கின் கயிற்றை இழுத்துக் கட்டினார். “ஊட்ல சொன்னது ஏயு. சைக்கிள்ல போவச்சொல்ல கட்னது நாலு. பின்னால குந்திகினு நான்தான கேட்டேன்? எயுத்துக்காரரு வரல.”

கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது. “பதினொண்ணு கட்டிகீறான் பாரேன் எந்தம்பி” என்று பெரிய மாமா பக்கத்து ஆளிடம் சொன்னார். பதினாறு நாளில் முதல்முறையாக அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எனக்கு ஆறவில்லை. பெண்ணைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லையே! சாயங்காலம் அவர் கிளம்பியபோது பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே போனேன்.

“அந்த சிலேட்டு பாட்டு யார்து பாய்?”

“கடசில பேரு வந்துச்சே, கேக்கல? நீ எத்தினாவது படிக்கிற நைனா?”

“ஆறாவது.”

“எம்பொண்ணு இருந்திருந்தா எட்டாவது போயிருக்கும்” என்றார்.

நான் கேட்டது பாட்டைப் பற்றி. இவர் வீட்டுக் கதை பேசுகிறார். மாட்டிக்கொண்டவர்கள் இப்படித்தான் பேச்சை மாற்றுவார்கள் என்று முடிவுகட்டி, பஸ் கண்ணுக்கு மறையும்வரை அவரைக் கண்காணித்துவிட்டுத்தான் திரும்பினேன்.