போண்டாவுக்குப் போட்ட வரி

எண்பதுகளில் நான் அரூரில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. முப்பது வயது தாண்டியதுமே உடம்பில் சர்க்கரை ஏறிவிட்டது. எண்ணெய்ப் பலகாரத்தை அடியோடு நிறுத்தாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதும், கூட வந்திருந்த மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். மூத்தது இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை, இளையது தவழ்ந்துகொண்டிருந்தது. நானும் பயந்துதான் போனேன். அந்தப் பயம் மறுநாள் பதினொரு மணி வரை தாங்கியது. பதினொரு மணிக்குக் கேன்டீனில் போண்டா போடுவார்கள்.

மன உறுதி என் பரம்பரையிலேயே கிடையாது. மூளைக்கு மட்டும் குறைவில்லை என்று ஒரு நினைப்பு. அப்போது கேன்டீனுக்கு நான்தான் செயலாளர். சிகரெட்டுக்கு அரசாங்கம் வரி ஏற்றுவதில்லையா, அதுபோல் போண்டா விலையை ஒரேயடியாக இரட்டிப்பாக்கினேன். அதில் மிஞ்சும் காசைக் கொண்டு கேழ்வரகுக் களியையும் கீரைக் குழம்பையும் பாதி விலைக்குப் போடச் சொன்னேன். நான் பெரிய கஞ்சன். விலையைக் கேட்டாலே கை தானாகப் பின்வாங்கிவிடும் என்று மனைவியிடம் அளந்தேன். அவளும் சந்தோஷப்பட்டாள். ஒருத்தன் நாக்கைக் கட்ட ஓர் அலுவலகத்துக்கே வரி!

கேன்டீன் நடத்திய பாய் தலையைச் சொறிந்தார். "இந்த வெலைக்கு யாருங்க சார் வாங்குவாங்க?"

"வாங்கக் கூடாதுன்னுதானே பாய் ஏத்தறேன்" என்றேன்.

மாதம் ஒன்று ஓடியது. என் மேசைக்குப் போண்டா வருவது நிற்கவில்லை. ஏனென்றால் நாங்கள் யாருமே அதைக் காசு கொடுத்து வாங்கித் தின்றதில்லை. மனுவோடு வருகிறவர்கள் டீயும் போண்டாவும் வாங்கி வைப்பார்கள். அது லஞ்சத்தில் சேராது என்பது எங்கள் அபிப்பிராயம். இவ்வளவு பெரிய திட்டம் போட்டவனுக்கு இது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

பட்டா மாற்றத்துக்காக நடையாய் நடந்துகொண்டிருந்த விவசாயி ஒருவர் ஒருநாள் ஒரு பொட்டலத்தை என் மேசையில் வைத்தார். உள்ளே ஒரே ஒரு போண்டா.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். எப்பவும் ரெண்டு வாங்குவேன், இப்ப ஒண்ணுதான் முடிஞ்சுது. இதுக்குப் போயி வெல ஏத்துனவன் வூடு வெளங்குமுங்களா?"

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு வைத்தேன்.

"களி தின்னேனுங்க. அதத்தான் சல்லிசா போடறாங்களே. வூட்லயும் களிதான், இங்கயும் களிதான்."

ஆக, என் திட்டத்தால் ஒருவர் திருந்தியிருந்தார். நோய்நொடி எதுவும் இல்லாத மனிதர். வெட்கமாக இருந்தது. அவருடைய கோப்பை அப்போதே எடுத்து முடித்துக் கொடுத்தேன். பிறகு, ஆறிப்போனால் நன்றாக இருக்காதே என்று போண்டாவைத் தின்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி என் விரல்களை முகர்ந்து பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"அவ்ளோ வெல குடுத்துமா திங்கறீங்க? புள்ளைங்கள ஒரு நிமிஷம் நெனச்சுப் பாக்கலயா?"

"சத்தியமா நான் காசு குடுத்து வாங்கலடி" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது.