டர்னர் என்ற பெயருக்கு வந்த நோட்டீஸ்

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, டர்னரம்மா பட்டறை எங்கே என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். போன வாரம் ஒடிசாவிலிருந்து வந்து இறங்கிய ஆள்கூடக் கை காட்டுவான். இருளாயி வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அதில் எனக்கு வருத்தமில்லை. இருளாயி என்னைப் பெற்றவர்கள் வைத்த பெயர். டர்னர் நான் சம்பாதித்த பெயர். அந்தப் பெயரை இறக்கி வை என்று பெங்களூரிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்தக் கதையைத்தான் நம் பட்டறைக்காரர் சங்க மலருக்கு எழுதித் தருகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொன்ன விஷயத்தில் கை வைக்காதீர்கள்.

நான் பிறந்தது முதுகுளத்தூர் பக்கம். எண்பத்தேழில் கல்யாணமான கையோடு என் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி என்னை ஓசூருக்குக் கூட்டி வந்தார். அவருக்கு ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. எனக்கு சென்னகிருஷ்ணன் என்பவரின் லேத் பட்டறையில் கூட்டிப் பெருக்குகிற வேலை. லேத் என்றால் கடைசல் இயந்திரம். இரும்புத் தண்டு சுற்றும், கத்தி அதைச் சீவும், சீவிய இரும்பு சுருள் சுருளாகக் கீழே விழும். அந்தச் சுருளை அள்ளி மூட்டை கட்டுவது நான். மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் கழித்துப் போட்ட துண்டுகளை மாட்டிக் கடைந்து பார்ப்பேன். யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்தே கற்றேன். ஒரு தடவை பார்த்தால் எனக்குப் போதும், இன்றைக்கும் அப்படித்தான்.

ஒரு மாங்காய்ப் பருவத்தில் பட்டறை டர்னர், அதாவது லேத்தில் கடைகிறவர், நாகரசம்பட்டிக்குத் தோப்பு வேலைக்குப் போனவர் திரும்பவே இல்லை. அவசர வேலை நின்றுபோனது. நான் செய்கிறேன் என்றேன். சென்னகிருஷ்ணன் சிரித்தார். அப்புறம் நான் கடைந்து வைத்திருந்த துண்டுகளை அளந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. சேலை இயந்திரத்தில் சிக்கினால் ஆளே போய்விடும் என்று, மறுநாள் வீட்டுக்காரரின் பழைய பேண்ட் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்.

ஆறு வருஷம் லேத்தில் நின்றேன். பதிவேட்டில் மட்டும் 'ஹெல்பர்'. பெண்ணை மெஷினில் நிறுத்தியது தெரிந்தால் கம்பெனிக்காரன் வேலை கொடுக்க மாட்டான் என்பது சென்னகிருஷ்ணனின் பயம். ஒரு நாள் பெரிய கம்பெனியிலிருந்து ஒரு சூப்பர்வைசர் கையில் கடைந்த ஷாஃப்ட் தண்டோடு வந்து நின்றார். இதைக் கடைந்தது யார், அந்த ஆளைப் பார்க்க வேண்டும் என்றார். சென்னகிருஷ்ணன் வழக்கம்போல, டர்னர் வெளியே போயிருக்கிறார் என்று ஆரம்பித்தார். நான் மெஷினை நிறுத்தினேன்.

"எங்கேயும் போகல சார். நாந்தான் டர்னர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பையிலிருந்து ஒரு தண்டை எடுத்து, என் எதிரில் கடை என்றார். பக்கத்திலேயே நின்று பார்த்தார். முடிந்ததும் மூன்று இடத்தில் அளந்தார். "ஒரு மயிரிழை தப்பல" என்று சென்னகிருஷ்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே சென்னகிருஷ்ணன் பதிவேட்டில் ஹெல்பரை அடித்துவிட்டு டர்னர் என்று எழுதினார். மறு வாரம் டீக்கடையில் டர்னரம்மா என்றார்கள். அதற்குமுன் நான் 'வெள்ளைச்சாமி சம்சாரம்'.

தொண்ணூற்றொன்பதில் சொந்தப் பட்டறை போட்டேன். பலகையில் டர்னரம்மா ஒர்க்ஸ். நாங்கள் செய்வது ரிவால்விங் சென்டர். சுற்றுகிற தண்டின் கடைசி முனையைத் தாங்கிக்கொண்டு தானும் கூடவே சுற்றுகிற சாமான். ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்தில் டர்னர் என்று குத்துவோம். தெற்கே கோயம்புத்தூர் வரைக்கும் வடக்கே பெங்களூர் வரைக்கும் போகிறது. திரும்பி வந்தது இல்லை.

இரண்டு வருஷம் முன்னால் என் மகன் ஆனந்த் அதைப் பெட்டியில் போட்டு ஆன்லைனில் விற்க ஆரம்பித்தான். எட்டு மாதத்தில் நோட்டீஸ் வந்துவிட்டது. சீமையில் தொடங்கி இங்கேயும் கிளை வைத்திருக்கிற ஒரு பெரிய கம்பெனி. முழுப் பெயரை எழுத வேண்டாம் என்று எங்கள் வக்கீல் சொல்லியிருக்கிறார். அதைத் தொடங்கியவருடைய குடும்பப் பெயர் டர்னராம். ஆகவே அந்தப் பெயர் அவர்களுடையதாம். முப்பது நாளில் பலகையிலிருந்தும் சாமானிலிருந்தும் எடுக்காவிட்டால் கோர்ட்டாம்.

ஆனந்துக்குப் பயம் வந்துவிட்டது. "ஸ்ரீ போட்டு ஏதாச்சும் ஒரு டெக்னாலஜீஸ்னு மாத்திடலாம்மா. அவங்ககூட நம்மளால மல்லுக்கட்ட முடியாது" என்றான்.

"உன் இனிஷியல எடுன்னு எவனாச்சும் நோட்டீஸ் விட்டா எடுத்துடுவியாடா?"

வீட்டுக்காரர், ஆனந்துடைய இனிஷியல் வெ, அதை நோட்டீஸ் விட்டு வாங்கிக்கொள்ள யாரும் வர மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

ஓசூர் கோர்ட்டு வக்கீல் தமிழரசனிடம் போனேன். நோட்டீஸைப் படித்துவிட்டு, போனில் எதையோ தேடிப் படித்துச் சொன்னார். எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் மரத்தைக் கடைந்து கிண்ணமும் நாற்காலிக் காலும் செய்தவனுக்கு டர்னர் என்று பெயர். ஒரே ஊரில் பத்து ஜான் இருந்தால் வரிக்காரன் எந்த ஜானைப் பிடிப்பான்? அதனால் வேலையைச் சேர்த்து எழுதினார்கள். மகன் கடைசல் பக்கமே போகாவிட்டாலும் அப்பன் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்படியே வந்து இன்றைக்கு அந்த நாட்டில் லட்சம் பேருக்கு மேல் டர்னர். அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில் எல்லாம் டர்னர். அமெரிக்காவில் அடிமையாக விற்கப்பட்டவர்களில் சிலருக்கு, வாங்கினவன் பெயரே ஒட்டிக்கொண்டதும் உண்டாம். முயலைத் துரத்திப் பிடித்து மடக்குகிறவனுக்கும் அந்தப் பெயர் இருந்திருக்கலாம் என்று இன்னொரு கதையும் சொல்கிறார்களாம்.

எனக்கு ஆத்திரம் பாதி, சந்தோஷம் பாதி. மூக்கண்டப்பள்ளியில் நடந்ததும் இதுதானே? சேலத்துக்காரன், தர்மபுரிக்காரன், ஆந்திராக்காரன், என்னைப்போல் தெற்கத்தியாள் எல்லாம் வந்து விழுந்த இடம் இது. ஒரே வரிசையில் கட்டி வாடகைக்கு விட்ட எங்கள் லைன் வீட்டில் மட்டும் மூன்று முனிவேல். டர்னர் முனிவேல், கிரேன் முனிவேல், கேன்டீன் முனிவேல். என் ஊரில் சாதியைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இங்கே வேலையைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எது மேல்?

"தொழிலோட பேர ஒருத்தர் மட்டும் சொந்தம் கொண்டாடறது கஷ்டம்மா. ஆனா இங்க ரொம்ப நாளா அப்படித்தான் கூப்பிடறாங்கன்னு காயிதத்துல காட்டணும்" என்றார் வக்கீல்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ரேஷன் கார்டு, லைசென்ஸ், வரி எல்லாவற்றிலும் வெ. இருளாயி. சென்னகிருஷ்ணன் இறந்து, பட்டறையை இடித்து, அந்தப் பதிவேடு எந்தப் பழைய பேப்பர்க்காரனிடம் போனதோ தெரியாது. முப்பது வருஷம் ஊரே கூப்பிட்ட பெயருக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்து லைன் நஞ்சம்மா வீட்டில் அவள் புருஷனுக்கு வருஷ திதி. போய் உட்கார்ந்தேன். சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை லேமினேஷன் செய்து மாட்டியிருந்தாள். 'டர்னர் வெங்கடப்பன் அவர்கள்' என்று பெரிய எழுத்தில். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நஞ்சம்மா, இத எனக்கு ஒரு வாரம் தர்றியா?"

"என்னாக்கா, அந்த ஆளு உயிரோட இருந்தப்ப ஒரு நாளுகூட நீ கேக்கல" என்றாள். திதிக்கு வந்த சனம் சிரித்தது.

அன்றிலிருந்து லைன் வீடு லைன் வீடாக ஏறினேன். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்திருப்பீர்கள். தாய்மாமன், சித்தப்பா பெயர்களுக்கு முன்னால் வேலையைப் போடாமல் அச்சடிக்க மாட்டார்கள். டர்னர், வெல்டர், ஃபிட்டர் என்று வரிசையாக இருக்கும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, சாவு. பரண்மேல் இருந்தது, பீரோவுக்குப் பின்னால் விழுந்தது, அரிசி டப்பாவுக்கு அடியில் விரித்தது எல்லாவற்றையும் வாங்கினேன். கெலமங்கலத்துக்குக் குடிபோன ஒரு குடும்பத்திடம் தொண்ணூற்றைந்தாம் வருஷத்துப் பத்திரிகை கிடைத்தது. 'லேத் டர்னர் இருளாயி வெள்ளைச்சாமி' என்று என் பெயர். நான் படித்துப் பார்த்தேன், ஆனந்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், மறுபடி நானே படித்தேன். மொத்தம் நூற்று நாற்பது தேறியது. ஒரு அரிசி மூட்டைப் பையில் போட்டுக் கட்டினேன்.

பேசித் தீர்க்கலாம் என்று கம்பெனிக்காரர்கள் பெங்களூருக்குக் கூப்பிட்டார்கள். நானும் ஆனந்தும் வக்கீலும் போனோம். காலையில் இரண்டு மணி நேரம் மெஷினில் நின்றுவிட்டுத்தான் கிளம்பினேன். ஒன்பதாவது மாடி. ஹரீஷ்குமார் என்ற மேனேஜரும் அவர்கள் வக்கீலும் இருந்தார்கள். அவர் கன்னடத்தில் "பன்னி அம்மா" என்று, அதாவது வாங்கம்மா என்று, மரியாதையாக உட்கார வைத்தார். நானும் கன்னடத்திலேயே பதில் சொன்னேன். அப்புறம் அவர் தமிழுக்கு மாறினார். மேஜைமேல் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அவர்களுடையது, ஒன்று எங்களுடையது.

இரண்டும் ஒரே நீலம். நடுவில் ஒரே மாதிரி வைரக் கட்டம். எழுத்துகூட ஒரே சாய்வு.

நான் ஆனந்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். நெட்டில் அழகாக இருந்தது என்று எடுத்திருக்கிறான். என் முகம் சுட்டுப்போனது. பெருக்குகிற வேலை செய்தபோதுகூட ஒரு போல்ட்டு எடுத்தவள் இல்லை நான்.

"இது எங்க தப்பு. பெட்டியும் படமும் நாளைக்கே போயிடும்" என்றேன்.

ஹரீஷ்குமாருக்கு நிம்மதி. அப்படியே பெயரையும் எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றார்.

"படம் திருடினது. பேரு திருடினது இல்ல."

மூட்டைப் பையை அவிழ்த்து மேஜைமேல் கொட்டினேன். பிள்ளையார் படம் போட்ட பத்திரிகையும் மஞ்சள் தடவினதும் செத்தவர்கள் போட்டோவும் அந்தக் கண்ணாடி மேஜை முழுக்கப் பரவிக் கிடந்தன. அவர்கள் வக்கீல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வெங்கடப்பன் போஸ்டரை மட்டும் தொடாமல் தள்ளி வைத்தார். எங்கள் வக்கீல், டர்னர் வருகிற இடத்தையெல்லாம் விரல் வைத்துக் காட்டிக்கொண்டே வந்தார்.

"சார், உங்க மொதலாளி குடும்பத்துல கடைசியா லேத்துல நின்னது யாரு?" என்று கேட்டேன்.

ஹரீஷ்குமார் யோசித்தார். இப்போது இருப்பவர்கள் யாரும் இல்லை, ஒருவர் டாக்டர், மற்றவர்கள் கம்பெனிப் பங்கோடு சரி என்றார். தொடங்கினவரே கடை வைத்திருந்தவர்தான் என்று கேள்விப்பட்டதாகவும் சொன்னார். நல்ல மனுஷன், பொய் சொல்லவில்லை.

நான் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தேன். நக இடுக்கில் காலையில் ஏறின எண்ணெய் இருந்தது.

"அவங்க முப்பாட்டன் எப்பவோ செஞ்ச வேலைய நான் இன்னைக்குக் காலையில செஞ்சுட்டு வர்றேன். பேரு அவங்களுக்கும் இருக்கட்டும், நான் வேணாங்கல. என்னைப் பேர எடுன்னு சொல்லாதீங்க."

அவர்கள் எழுந்து தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். பலகையில் வைத்துக்கொள்ளுங்கள், சாமானில் மட்டும் குத்தாதீர்கள் என்றார்கள். ஆனந்த் என் கையைத் தொட்டான், ஒத்துக்கொள் என்று. எங்கள் வக்கீல்கூட மோசமில்லை என்பது போலத் தலையை ஆட்டினார்.

"பலகைய யாரு மெஷின்ல மாட்டப் போறா? சாமான் தாங்கலன்னா என்னைத்தான திட்டுவான். திட்டு வாங்கறதுக்கு பேரு வேணும் சார். முடியாது" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் ஆனந்த் இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

மறுநாளே நீலப் பெட்டிகளையெல்லாம் ஆனந்த் கையாலேயே கிழிக்க வைத்தேன். இப்போது வெறும் பழுப்பு அட்டைப் பெட்டி. நஞ்சம்மாவின் போஸ்டரை நானே கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன். ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பெட்டியை மாற்றிவிட்டதால் இப்போதைக்கு மேல் நடவடிக்கை இல்லை, ஆனால் தங்கள் உரிமையை விட்டுவிடவில்லை என்று. அப்படியென்றால் என்ன என்று வக்கீலைக் கேட்டேன். கௌரவத்துக்கு ஒரு வரி என்றார். நானும் என் உரிமையை விடவில்லை என்று பதில் எழுதச் சொன்னேன். தேவையில்லையம்மா என்றார். எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

விஷயம் ஊருக்குள் பரவிவிட்டது. ஆயுத பூஜைக்குப் பலகைக்குப் பெயின்ட் அடிக்கிற நேரம் வந்தபோது, அடுத்த சந்தில் டர்னர் கோவிந்தப்பன் எஞ்சினியரிங் என்று ஒரு பலகை ஏறியது. அப்புறம் டர்னர் முனிவேல். முனிவேலுக்குக் கடைசல் சுத்தமாக இருக்காது, அவன் கடைந்ததை நான் இரண்டு தடவை திருத்தியிருக்கிறேன். அதை அவனிடமே சொன்னேன். "பேரு வெச்சாச்சுக்கா, இனிமே கத்துக்கறேன்" என்றான்.

நேற்று நடந்தே போய் எண்ணினேன். மூக்கண்டப்பள்ளியில் மட்டும் ஏழு டர்னர் பலகை. ஏழு நோட்டீஸ் அனுப்பட்டும்.